‘அடுத்து என்ன?’ என்பதே தெரியாதபோது ரெஸ்யூமில் என்ன எழுதுவது? - டெல்டா பட்டதாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

2025 ஜூலை 12-ம் தேதி நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.89 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு ஏறக்குறைய 353 பேர். இடம் கிடைக்காத 352 பேரில் பலர் அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருப்பார்கள். ஒருகட்டத்தில், வீட்டில் பேச்சு வாங்கிய பிறகோ, கையில் காசு தீர்ந்த பிறகோ, ஜெராக்ஸ் கடைக்குப் போய் ‘ஒரு பயோடேட்டா அடிச்சுக் கொடுங்கண்ணே’ என்று கேட்பார்கள்.

பெயர், முகவரி, படிப்பு, மதிப்பெண் எல்லாம் தடையில்லாமல் போகும். ‘கேரியர் அப்ஜெக்டிவ்’ என்ற கட்டம் வந்ததும் நின்றுவிடும். உங்கள் பணி இலக்கு என்ன? இலக்கு தெரிந்திருந்தால் இத்தனை குழப்பம் ஏது? கடைக்காரர் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் ஒரு வாக்கியத்தை ஒட்டித் தருவார். ‘சவாலான சூழலில் பணியாற்றி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும்...’ என்று தொடங்கும் அதே வாக்கியம்தான், முன்னால் வந்த இருபது பேரின் பயோடேட்டாவிலும் இருக்கும்.

எந்தத் துறைக்குப் போவது என்றே முடிவாகாத நிலையில் ஒரு நல்ல ரெஸ்யூம் எழுத முடியுமா? முடியும். ஆனால், ரெஸ்யூம் எதற்கானது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

டெல்டாவில் இந்தக் கேள்வி ஏன் கடினமாக இருக்கிறது?

முதல் காரணம், படிப்பு பரவிய வேகம். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி (2021-22), தமிழ்நாட்டில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். தேசிய சராசரி 28.4 சதவீதம். தஞ்சாவூர் சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி, கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி என டெல்டாவின் அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்களில் பலர், தங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. ‘கிடைச்ச குரூப்பை எடுத்தேன்’ என்பதுதான் பெரும்பாலான கதைகளின் தொடக்கம்.

இரண்டாவது, ஊரின் வேலைச் சந்தை. 2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களிலும் உருக்காலை, தாமிர உருக்கு ஆலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய் - எரிவாயு ஆய்வு போன்றவற்றைத் தடை செய்கிறது. (மயிலாடுதுறை அப்போது நாகை மாவட்டத்தில் இருந்தது.) ஹைட்ரோகார்பன், மீத்தேன் எதிர்ப்புப் போராட்டங்களின் விளைவாக வந்த சட்டம் இது. நிலத்துக்கு இது அரண். அதே நேரத்தில், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் போல பெரிய தொழிற்சாலைகள் வரிசையாக நின்று ஆள் எடுக்கும் காட்சி இங்கு இல்லை. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 55,000 சதுர அடிதான்.

ஆகவே, உள்ளூரில் கண்ணுக்குத் தெரியும் வேலைகள் சிலவே: அரசு வேலை, பள்ளி - கல்லூரி, மருத்துவமனை, ஜவுளிக் கடை - நகைக்கடை, நிதி நிறுவனம், அரிசி ஆலை. மற்றபடி சென்னை, திருப்பூர், கோவைக்குப் பேருந்து. அல்லது திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ விமானம்.

மூன்றாவது, காலக்கணக்கு. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. வீட்டில் நிலம் இருந்தால் படித்த பிள்ளையும் வரப்பில் நிற்கத்தான் வேண்டும். இடையே போட்டித் தேர்வு அறிவிப்புகள். இப்படி 21 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அந்த ஆண்டுகளில் சும்மா இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால், காகிதத்தில் அது வெற்றிடமாகத் தெரிகிறது. பெண்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம்: ‘வேலைக்குப் போறியா, இல்லை மாப்பிள்ளை பார்க்கட்டுமா?’ என்ற கேள்விக்கு அவகாசம் குறைவு.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டுகள் வேலை கிடைக்காமல் இருக்கும் பட்டதாரிக்கு, குடும்ப வருமானம் உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தமிழ்நாடு அரசு தரும் உதவித்தொகை மாதம் 600 ரூபாய். அதை நம்பி யாரும் காலம் தள்ள முடியாது.

ரெஸ்யூம் என்பது ஜாதகம் அல்ல

நம் ஊர் பயோடேட்டாவைப் பார்த்தால் அது கல்யாணத்துக்கும் வேலைக்கும் பொதுவாக அடித்ததுபோல இருக்கும். தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, திருமண நிலை, கடைசியில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்ற உறுதிமொழியும் கையெழுத்தும். அரசு விண்ணப்பப் படிவத்தின் பழக்கம் அப்படியே வந்துவிட்டது.

தனியார் நிறுவனத்தில் ரெஸ்யூமைப் புரட்டுபவர் தேடுவது ஒரே ஒரு கேள்விக்கான பதிலை: ‘நான் ஆள் தேடும் இந்த வேலையை இவர் செய்வார் என்று நம்ப என்ன ஆதாரம் இருக்கிறது?’ பத்து வருடம் கழித்து நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது அவருடைய கவலை அல்ல. ரெஸ்யூம் எதிர்காலத்தைக் கணிக்கும் ஜாதகம் அல்ல; நேற்று வரை செய்த வேலைக்கான ரசீது.

இதைப் புரிந்துகொண்டால் பாரம் பாதி குறையும். வாழ்க்கைக்கு ஒரு திசை இன்னும் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால், அனுப்பும் ஒவ்வொரு ரெஸ்யூமுக்கும் ஒரு திசை இருந்தாக வேண்டும். இரண்டும் வேறு வேறு.

கும்பகோணத்துக்காரர் ஒருவரின் விண்ணப்பம்

இதற்கு டெல்டாவிலேயே ஒரு பழைய சான்று உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த ஓர் இளைஞர், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, திருமணமும் ஆகிவிட்டது. நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு, தெரிந்தவர்கள் வழியாக ஒவ்வொரு அதிகாரியாகப் பார்த்து ‘ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா’ என்று கேட்டு அலைந்தார். அவர் பெயர் ஸ்ரீனிவாச ராமானுஜன்.

1912 பிப்ரவரி 9-ம் தேதி, 24 வயதில், சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் சில வரிகளே கொண்டது. அதில் இருப்பவை இவைதான்: அலுவலகத்தில் குமாஸ்தா இடம் காலியாக இருப்பதை அறிந்தேன், மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் படிப்பைத் தொடர முடியவில்லை, அதன் பிறகு என் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன், இந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியும் என்று நம்புகிறேன். கூடவே, மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் பரிந்துரைக் கடிதம். மார்ச் 1-ம் தேதி கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 30 ரூபாய்.

சுமார் பத்தரை மாதங்கள் கழித்து, 1913 ஜனவரி 16-ம் தேதி, அதே மனிதர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு இன்னொரு கடிதம் எழுதினார். அதில் தான் ஒரு குமாஸ்தா என்பதையும், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆனால், கூடவே வைத்தது வேறு: பக்கம் பக்கமாகத் தான் கண்டறிந்த தேற்றங்கள்.

எல்லோரும் ராமானுஜன் ஆகிவிட முடியாது, விஷயம் அதுவல்ல. அவருடைய மேதைமையை ஒதுக்கிவிட்டு விண்ணப்பத்தை மட்டும் பாருங்கள். எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன் என்பது முதல் வரியிலேயே இருக்கிறது. படிப்பைக் கூட்டிச் சொல்லவில்லை. விடுபட்ட காலத்துக்கு ஒரே வரி விளக்கம், புலம்பல் இல்லை. அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு வரி. தன்னை அறிந்த ஒருவரின் சாட்சி. குமாஸ்தா வேலைதான் தன் லட்சியம் என்று அவர் பொய் சொல்லவும் இல்லை. துறைமுகத்துக்கு ஒரு விண்ணப்பம், கேம்பிரிட்ஜுக்கு ஒரு விண்ணப்பம். ஆள் ஒருவர்தான், இரண்டிலும் இருப்பது உண்மைதான்.

‘இலக்கு’ கட்டத்தில் என்ன எழுதலாம்?

அந்தக் கட்டத்தை எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக இரண்டு வரியில் ஒரு சுருக்கம் போதும். ‘நான் யார், என்ன செய்யத் தெரியும், இந்த வேலைக்கு அது எப்படிப் பயன்படும்’ - இவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, ஒரு பி.எஸ்சி. வேதியியல் பட்டதாரி அரிசி ஆலை ஒன்றின் தரப் பரிசோதனை வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சவாலான சூழலில் பணியாற்ற...’ என்பதைவிட இது மேல்: ‘வேதியியல் பட்டதாரி. ஆய்வகச் சோதனைகளைப் பதிவேட்டில் எழுதிப் பழக்கம் உண்டு. நெல் ரகங்கள், ஈரப்பதம் பார்ப்பது குறித்து நேரடி அனுபவம் உண்டு.’ இதில் வாழ்நாள் லட்சியம் எதுவும் இல்லை. ஆனால், படிப்பவருக்கு ஒரு ஆள் தெரிகிறார். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே முறைதான்.

வயலும் கொள்முதல் நிலையமும் ‘அனுபவம்’ ஆகுமா?

ஆகும். டெல்டா இளைஞர்கள் ரெஸ்யூமில் பெரும்பாலும் விட்டுவிடுவது இதைத்தான். ‘சம்பளம் வாங்கலையே, அதை எப்படி எழுதுறது?’ என்பது பொதுவான தயக்கம். சம்பளச் சீட்டு இருந்தால்தான் அனுபவம் என்று எந்த விதியும் இல்லை. என்ன செய்தீர்கள், எவ்வளவு, எத்தனை காலம் - இந்த மூன்றும் இருந்தால் அது அனுபவம்.

சில மாதிரிகள் (அளவுகள் உதாரணத்துக்கு மட்டும், உங்கள் உண்மைக் கணக்கைப் போடுங்கள்):

* ‘அப்பாவுக்கு விவசாயத்தில் உதவி’ என்பதற்குப் பதில்: ‘4 ஏக்கர் குறுவை, சம்பா சாகுபடியில் இரண்டு ஆண்டுகள் ஆள் கூலிக் கணக்கு, உரக் கொள்முதல், அறுவடை இயந்திர வாடகை ஆகியவற்றைக் கவனித்தது.’ ‘மா’ கணக்கில் எழுதினால் வெளியூர்க்காரருக்குப் புரியாது; மூன்று மா ஓர் ஏக்கர் என்று மாற்றி எழுதுங்கள்.

* ‘நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை’ என்பதற்குப் பதில்: ‘நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பருவம் பட்டியல் எழுத்தர். ஈரப்பதம் சோதித்தல், 40 கிலோ மூட்டைகளின் எடைப் பதிவு, விவசாயிகளின் சிட்டா, அடங்கல் சரிபார்த்து இணையத்தில் பதிவேற்றுதல்.’ தரப் பரிசோதனை, இருப்புக் கணக்கு, வாடிக்கையாளரைச் சமாளிப்பது என மூன்று திறன்கள் இதில் இருக்கின்றன. லாரி வராமல் மூட்டை தேங்கி, மழை வரும் நேரத்தில் விவசாயிகளுக்குப் பதில் சொன்னவருக்கு, கால் சென்டர் வேலை பெரிய சவாலாக இருக்காது.

* ‘டியூஷன் எடுத்தேன்’ என்பதற்குப் பதில்: ‘6 முதல் 8-ம் வகுப்பு வரை 15 மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கணிதம், அறிவியல் கற்பித்தது.’ 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்கள் அதைத் திட்டத்தின் பெயரோடும் காலத்தோடும் எழுதலாம். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கை எழுதியதும் அப்படித்தான்.

தேர்வுக்குப் படித்த ஆண்டுகளை என்ன செய்வது?

மறைக்க வேண்டாம், நீட்டி முழக்கவும் வேண்டாம். ‘2023 ஜூன் - 2025 ஜூலை: போட்டித் தேர்வுத் தயாரிப்பு’ என்று ஒரு வரி போதும். முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தால் அதைச் சேர்க்கலாம். அந்தக் காலத்தில் பகுதிநேரமாக எதையாவது செய்திருந்தால் அதுவும் கீழே வரட்டும்.

நேர்காணலில் கட்டாயம் வரும் கேள்வி: ‘நாளைக்கு குரூப் 4 கிடைச்சா போயிடுவீங்களா?’ இதற்குப் பதிலை முன்கூட்டியே யோசித்துவைப்பது நல்லது. இனி எழுதுவதில்லை என்று பொய்யாக உறுதி தருவதைவிட, எவ்வளவு காலம் இந்த வேலையில் நிலையாக இருக்க முடியும் என்பதை நேர்மையாகச் சொல்வது மேல்.

தேதிகளை இழுத்து நீட்டி வெற்றிடத்தை மூடுவது ஆபத்து. முன்பு பி.எஃப். பிடித்த வேலை இருந்தால், சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டையும் நிறுவனங்கள் சரிபார்க்க முடியும். வேலையில் சேர்ந்த பிறகு பொய் வெளியே வந்தால், அந்த வேலையே போகும்.

ஒரே ரெஸ்யூமா, மூன்றா?

திசை தெரியாதவர்கள் செய்யும் பொதுவான தவறு, எல்லா வேலைக்கும் பொருந்தும்படி ஒரே ரெஸ்யூம் அடித்து ஐம்பது பிரதி எடுத்துவைப்பது. எல்லோருக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் பொருந்தாது.

இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது:

1. முதலில் ஒரு ‘மூலப் பட்டியல்’ எழுதுங்கள். படித்தது, செய்தது, கற்றது எல்லாவற்றையும் தேதியோடு கொட்டிவிடுங்கள். நான்கு பக்கம் வந்தாலும் பரவாயில்லை. இதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

2. மூன்று திசைகளைத் தேர்ந்தெடுங்கள். ‘பிடித்தது’ என்று தேட வேண்டாம். ‘ஆறு மாதம் செய்து பார்க்கலாம்’ என்று தோன்றினால் போதும். உணவுப் பொருள் தரப் பரிசோதனை, வங்கி - நிதி நிறுவன வேலை, கற்பித்தல் என்று இருக்கலாம்.

3. ஒவ்வொரு திசையிலும் மூன்று, நான்கு வேலை அறிவிப்புகளைப் படியுங்கள். திரும்பத் திரும்ப என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. மூலப் பட்டியலிலிருந்து அதற்குப் பொருந்துவதை மட்டும் எடுத்து, திசைக்கு ஒரு பக்கம் என மூன்று ரெஸ்யூம் தயார் செய்யுங்கள்.

இதில் ஒரு கூடுதல் லாபம் உண்டு. ஒரு திசைக்கான பக்கம் தானாக நிரம்பும். இன்னொன்றுக்கு நாலு வரிக்கு மேல் வராது. நீங்கள் எந்தப் பக்கம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

எதை எடுத்துவிட வேண்டும்?

* சாதி, மதம், தந்தையின் தொழில், உயரம், எடை - தனியார் வேலைக்குத் தேவையில்லை.

* ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு விவரம் - எந்தக் காரணம் கொண்டும் ரெஸ்யூமில் வேண்டாம். வேலை உறுதியான பிறகு கேட்டால் அப்போது தரலாம்.

* கட்டம் கட்டமான வடிவமைப்பு, வண்ணப் பட்டைகள் - பெரிய நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மென்பொருள். அதற்கு எளிய எழுத்தும் தெளிவான தலைப்புகளும்தான் புரியும். பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள், கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும்.

வெளிநாட்டு வேலைக்கு ரெஸ்யூம் தருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழர்கள் 2022-ல் மீட்கப்பட்டார்கள். ‘எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லை’ என்ற மனநிலையைத்தான் இத்தகைய கும்பல்கள் தேடுகின்றன. ஏஜென்ட், மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்காமல் பாஸ்போர்ட் நகலைத் தரக் கூடாது.

திசையை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். செய்து பார்ப்பது எளிது. அதற்குச் சில வழிகள் இருக்கின்றன.

தொழிற்பழகுநர் பயிற்சி ஒன்று. 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் இந்தப் பயிற்சியில் பொறியியல் படித்தவர்கள் மட்டுமல்ல, கலை, அறிவியல், வணிகவியல் பட்டதாரிகளும் சேரலாம். வழக்கமாக ஓராண்டு, மாத உதவித்தொகை உண்டு. படிப்பை முடித்து ஆண்டுகள் கூடக் கூட வாய்ப்பு குறையும் என்பதால், தள்ளிப்போடாமல் பதிவது நல்லது.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு, 2022 மார்ச் 1-ம் தேதி தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் ‘கிரெடிட்டுக்காக’ உட்கார்ந்தவர்கள்கூட, செய்த புராஜெக்ட்டை இரண்டு வரியில் ரெஸ்யூமில் காட்டலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையங்கள் நடத்தும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குக் கட்டணம் இல்லை. வேலை கிடைக்காவிட்டாலும், ஒரே நாளில் பல நிறுவனங்களிடம் பேசி என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி இல்லை.

ரெஸ்யூமால் முடியாதது என்ன?

ஊரில் இல்லாத வேலையை ரெஸ்யூம் உருவாக்காது. ‘இளைஞர்கள் தங்களைச் சரியாக முன்வைப்பதில்லை’ என்று சொல்லிவிட்டு நகர்வது, அரசுக்கும் கல்லூரிகளுக்கும் வசதியான பதிலாகிவிடும். தொழிற்சாலைக்குத் தடை என்று சட்டம் சொன்னால், அந்த இடத்தில் வேளாண் சார்ந்த தொழில்கள் வர வேண்டும். ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கான நிஃப்டெம் இருக்கிறது. இவற்றின் அறிவு உள்ளூர் ஆலைகளாகவும் வேலைகளாகவும் மாறும் வேகம்தான், இங்கு படித்தவர்கள் இங்கேயே இருக்க முடியுமா என்பதைத் தீர்மானிக்கும். அது தனிமனிதர் கையில் இல்லை.

தனிமனிதர் கையில் இருப்பது, கடந்த மூன்று ஆண்டுகளை வெற்றிடம் என்று அடுத்தவர் முடிவுகட்ட விடாமல் இருப்பது. மூலப் பட்டியலை இந்த வாரமே தொடங்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் புதிதாக ஒரு வரியாவது சேர்கிறதா என்று பாருங்கள். சேரவில்லை என்றால், அடுத்த தேர்வு அறிவிப்புக்காக மட்டும் காத்திருப்பதை மறுபரிசீலனை செய்ய வேண்டிய நேரம் அது.